ஸ்டார் இருக்கிறது, ஆள் இல்லை: திறமூலம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்து வைத்தாயிற்று, கை கொடுக்க ஆள் வரவில்லை. வந்தவர்களும் தங்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை வைத்தே இருக்கும். கிட்லேபிலும் பிற இடங்களிலும் பெயர்கள்தான் மாறும்.

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு பைத்தான் நூலகத்தைத் திறமூலமாகப் பராமரித்து வருகிறேன். நானூறு ஸ்டார் இருக்கிறது. பலர் பயன்படுத்துகிறார்கள் என்பது வரும் இஷ்யூக்களை (பிழை, கோரிக்கைப் பதிவுகளை) பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒருவர்கூட ஒரு வரி நிரல் அனுப்பியதில்லை. எங்கே விளம்பரம் செய்யலாம்?

விளம்பரத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஸ்டார் போடுவது 'பிறகு பார்க்கலாம்' என்று குறித்து வைப்பதுதான்; அதைத் தாண்டி அதற்குப் பொருள் இல்லை. பங்களிப்பவர்கள் பயனர்களிலிருந்து வருகிறார்கள். உங்கள் நூலகத்தில் ஒரு பிழையால் வேலை தடைபட்டு, 'நாமே திருத்தினால் என்ன' என்று நினைக்கும் ஒருவர்தான் உங்கள் முதல் பங்களிப்பாளர். அவருக்கு அன்று மாலை இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் நிரலை இறக்கி, ஓட்டி, டெஸ்ட்டுகள் (நிரலைச் சோதிக்கும் நிரல்கள்) பச்சையாக முடிவதைப் பார்த்துவிட்டால் மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். முடியாவிட்டால் தன் கணினியில் ஒரு தற்காலிக ஒட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அப்படி ஒருவர் வந்து போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே முதல் வேலை, அந்த இரண்டு மணி நேரத்தை நீங்களே ஒருமுறை வாழ்ந்து பார்ப்பது. உங்கள் கணினியில் சோதிக்காதீர்கள். அதில் தேவையானதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. வெறும் லினக்ஸ் பிம்பம் ஒன்றை டாக்கரில் (தனிமைப்படுத்திய சூழலைத் தரும் கருவி) எழுப்பி, அதற்குள் களஞ்சியத்தை (திட்டத்தின் நிரல் தொகுப்பை) இறக்கி, அறிமுகக் கோப்பான ரீட்மீயில் எழுதியிருப்பதை மட்டும் வரிக்கு வரி செய்யுங்கள். மனதில் இருப்பதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. டெஸ்ட் முடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் நல்லது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆள் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வழக்கமாக எங்கே உடையும் என்று சொல்கிறோம். எந்தப் பைத்தான் பதிப்பு என்று எழுதியிருக்காது. சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு சார்பு நூலகத்துக்கு (உங்கள் நிரல் நம்பியிருக்கும் வேறு நூலகம்) தலைப்புக் கோப்புகள் தேவைப்படும். அவை இல்லாததால் நிறுவும்போது இருநூறு வரிப் பிழைச்செய்தி கொட்டும், புதியவர் அங்கேயே நின்றுவிடுவார். சூழல் மாறி ஒன்று உங்கள் ஷெல் அமைப்பில் மட்டும் இருக்கும். டெஸ்ட்டுகளில் பாதி ஒரு தரவுத்தளத்தையோ உங்களிடம் மட்டும் உள்ள ஏபிஐ சாவியையோ கேட்கும். பழைய கமிட் (பதிவுசெய்த மாற்றம்) ஒன்றில் யாரோ பெரிய தரவுக் கோப்பைப் போட்டிருப்பார்கள்; பிறகு அழித்திருந்தாலும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் வரலாற்றில் அது அப்படியே இருப்பதால் ஒவ்வொருவரும் அதைச் சுமந்துதான் இறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, பத்து முறைக்கு ஒரு முறை காரணமில்லாமல் விழும் டெஸ்ட். உங்களுக்கு அது பழக்கம், மறுபடி ஓட்டுவீர்கள். புதியவரோ தன் திருத்தம்தான் எதையோ உடைத்துவிட்டது என்று நினைத்து, ஒரு மாலை முழுக்கத் தேடிவிட்டு ஓய்ந்துபோவார்.

மருந்தும் இதே வரிசையில்தான். சார்புகளின் பதிப்பைப் பூட்டுக் கோப்பில் பதியுங்கள். நிறுவுவதற்கு ஒரு கட்டளை, டெஸ்ட்டுக்கு ஒரு கட்டளை என்று ஒரு மேக்ஃபைலில் சுருக்குங்கள். வெளிச் சேவை கேட்கும் டெஸ்ட்டுகளைத் தனியாகப் பிரித்து, சாவி இல்லாவிட்டால் தாமாகவே விலகிக்கொள்ளும்படி செய்யுங்கள். நிலையில்லாத டெஸ்ட்டைச் சரிசெய்ய நேரமில்லை என்றால் நீக்கியே விடலாம். பொய் சொல்லும் டெஸ்ட் இல்லாமலிருப்பது மேல். டெவ் கன்டெய்னர் அமைப்புக் கோப்பு ஒன்றைச் சேர்த்தால் உலாவியிலேயே சூழலைத் திறந்து வேலை தொடங்க முடியும். தானியங்கிச் சோதனையும் இதே மேக்ஃபைல் கட்டளைகளைத்தான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் வழிமுறை பழசாகிப்போனால் முதலில் உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆள் சேர்க்கும் மிகச் சிறந்த இடம் உங்கள் இஷ்யூ பட்டியல்தான். பிழை சொல்லி வருகிறவரிடம் 'பார்க்கிறேன்' என்று எழுதுவதற்குப் பதில், 'இது இந்தக் கோப்பில் இந்தச் செயற்கூறில் நடக்கிறது. வெற்றுப் பட்டியல் வரும்போது கவனிக்கவில்லை. நீங்களே திருத்திப் பார்க்கிறீர்களா? உதவுகிறேன்' என்று எழுதுங்கள். பலர் மறுப்பார்கள், சிலர் சரி என்பார்கள். அந்தச் சிலருக்காக எந்த விளம்பரமும் தேவையில்லை. அவர்களுக்குப் பிழை தெரியும், தேவையும் இருக்கிறது.

கேள்வி: ரீட்மீயில் என்னென்ன இருக்க வேண்டும்? எங்களுடையது முப்பது பக்கம் இருக்கிறது.

முப்பது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். முதல் திரைக்குள் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: இது என்ன செய்கிறது, யாருக்காக, எப்படி ஓட்டிப் பார்ப்பது. ஓட்டிப் பார்க்கும் உதாரணம் வெட்டி ஒட்டினால் அப்படியே வேலை செய்ய வேண்டும். மற்றவை ஆவணத் தளத்துக்குப் போகட்டும்.

பங்களிக்கும் வழிமுறை 'கான்ட்ரிப்யூட்டிங்' என்ற தனிக் கோப்பில் இருக்கட்டும். அதைக் களஞ்சியத்தின் வேரிலோ, 'டாக்ஸ்' அடைவிலோ, புள்ளி வைத்த 'கிட்ஹப்' அடைவிலோ வைத்தால், இஷ்யூவோ புல் ரிக்வெஸ்டோ (தன் நிரல் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கை) திறப்பவருக்குத் தளமே அதன் இணைப்பைக் காட்டும். அதில் பலர் விட்டுவிடும் ஒரு பத்தி உண்டு: எதையெல்லாம் ஏற்க மாட்டீர்கள் என்பது. 'புதிய சார்பு நூலகம் சேர்க்க மாட்டோம்', 'வரைகலை இடைமுகம் இந்தத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே' என்று முன்பே சொல்லிவிட்டால், இரண்டு வாரம் உழைத்து அனுப்பியவருக்கு மறுப்பு எழுதும் கசப்பு இரு பக்கமும் இருக்காது. ஐம்பது வரிக்கு மேற்பட்ட மாற்றம் என்றால் முதலில் இஷ்யூ திறந்து பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய பிழை சொல்வதற்கான படிவமும் தேவை. பதிப்பு எண், மறுபடி வரவழைக்கும் படிகள், முழுப் பிழைச்செய்தி ஆகிய மூன்றையும் கேட்டால் போதும். பதினைந்து கட்டம் வைத்தால் எல்லாவற்றிலும் புள்ளி வைத்து அனுப்புவார்கள்.

கேள்வி: உரிமக் கோப்பு இல்லாமலே நிரலை வெளியிட்டிருக்கிறோம். எல்லோரும் பார்க்கத்தானே முடிகிறது, அது போதாதா?

போதாது. உரிமம் எதுவும் தராவிட்டால் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே நிற்கும். கிட்ஹப்பில் பொதுவில் வைத்தால் அந்தத் தளத்தின் விதிப்படி பிறர் பார்க்கலாம், தளத்துக்குள் ஃபோர்க் (தன் கணக்கில் நகல்) செய்யலாம், அவ்வளவுதான். நிறுவனங்களில் வேலை செய்யும் நிரலர்கள் உரிமமில்லாத களஞ்சியத்தைத் தொடவே மாட்டார்கள். தொடவும் அவர்களை விட மாட்டார்கள்.

எம்ஐடி உரிமம் சுருக்கமானது, நிபந்தனை குறைவு. அப்பாச்சி 2.0 ஏறத்தாழ அதே சுதந்திரத்தோடு காப்புரிமை (பேட்டன்ட்) அனுமதியையும் வெளிப்படையாகத் தருகிறது. மாற்றி விநியோகிப்பவரும் தன் நிரலை அதே உரிமத்தில் திறந்து தர வேண்டும் என்று நினைத்தால் ஜிபிஎல். இணையச் சேவையாக ஓட்டினாலும் அந்தக் கடமை தொடர வேண்டும் என்றால் ஏஜிபிஎல். சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். 'வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தாலே அது திறமூலம் என்ற வரையறைக்கு வெளியே போய்விடும். பிறர் உங்களுக்கு ஏற்கெனவே நிரல் தந்திருந்தால், அவர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் எழுத்தில் வாங்கிக்கொண்டு உரிமத்தைச் சேருங்கள். ஐந்து பேர் இருக்கும்போது இது ஒரு வார வேலை. ஐம்பது பேரானால் பாதிப் பேரின் மின்னஞ்சல் செத்திருக்கும்.

கேள்வி: இருபது இஷ்யூக்களுக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று லேபிள் போட்டோம். 'எனக்கு ஒதுக்குங்கள்' என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் காணாமல் போனார்கள். மிச்சத்தை யாரும் தொடவில்லை. இந்த லேபிள் வெறும் சடங்குதானா?

லேபிளில் குறையில்லை. கிட்ஹப் அந்த லேபிளை வைத்துத்தான் களஞ்சியத்தின் 'கான்ட்ரிப்யூட்' பக்கத்தில் தொடக்கநிலை வேலைகளைப் பட்டியலிடுகிறது, புதியவர்கள் தேடி வருவதும் அதை வைத்துத்தான். குறை பெரும்பாலும் இஷ்யூவின் எழுத்தில் இருக்கும். 'தேதி வடிவமைப்பைச் சரிசெய்ய வேண்டும்' என்ற ஒற்றை வரி உங்களுக்கு இருபது நிமிட வேலை. ஏனென்றால் எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, எதைத் தொட்டால் எது உடையும் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவருக்கு அது இரண்டு நாள் தேடல்.

நல்ல முதல் இஷ்யூவில் இவை இருக்கும். இப்போது என்ன நடக்கிறது, அதை வரவழைக்கும் கட்டளை. என்ன நடக்க வேண்டும். மாற்ற வேண்டிய கோப்பும் செயற்கூறும், முடிந்தால் வரிக்கான நிலையான இணைப்பு. தொடர்ந்து மாறும் கிளையின் இணைப்பைத் தந்தால் நாளை வரி நகர்ந்துவிடும், எனவே கமிட்டோடு கட்டிய இணைப்பையே தாருங்கள். இதே மாதிரி வேலை முன்பு நடந்த ஒரு பழைய புல் ரிக்வெஸ்ட். எந்த டெஸ்ட்டைச் சேர்க்க வேண்டும், அதை மட்டும் எப்படி ஓட்டுவது. எதைத் தொட வேண்டாம். இவ்வளவும் எழுத அரை மணி நேரம் ஆகும். அதற்குள் நானே திருத்திவிடலாமே என்று கை அரிக்கும். திருத்தாதீர்கள். சின்ன வேலைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீங்களே முடித்துவிட்டு, கடினமானவற்றை மட்டும் புதியவர்களுக்கு மிச்சம் வைப்பது பல திட்டங்களில் நடக்கிறது.

லிப்ரே ஆஃபீஸ் இதை நன்றாகச் செய்தது. 2010இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்தபோது கைக்கு வந்தது மிகப் பெரிய பழைய நிரல். ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் பிறந்தது என்பதால் உள்ளே குறிப்புகள் ஏராளமாக ஜெர்மனில் இருந்தன. 'ஈஸி ஹேக்ஸ்' என்று எளிய வேலைகளைப் பிரித்து வைத்து, அந்தக் குறிப்புகளை ஆங்கிலமாக்குவதையும் அதில் ஒரு வேலையாகச் சேர்த்தார்கள். நிரலின் உள்ளமைப்பு தெரியாதவரும் செய்யலாம், உடைவதற்கு எதுவும் இல்லை, ஆனால் செய்து முடிப்பதற்குள் நிரலை இறக்கவும் திருத்தத்தை அனுப்பவும் பழகிவிடுவார். முதல் வேலைக்கு இந்தக் குணம்தான் வேண்டும்: பயன் உண்மையாக இருக்க வேண்டும், ஆபத்து குறைவாக இருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்தம் மட்டும் என்றால் பயன் போதாது. மையக் கணக்கீட்டில் கை வைப்பது என்றால் ஆபத்து அதிகம்.

ஒதுக்கீடு பற்றி. கேட்டவுடன் ஒதுக்காதீர்கள். 'ஒதுக்கீடு தேவையில்லை, தொடங்கிவிட்டு வரைவு புல் ரிக்வெஸ்ட் ஒன்றைத் திறவுங்கள், அதுவே முன்பதிவு' என்று விதி வையுங்கள். கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இதிலேயே கழன்றுகொள்வார்கள். ஏற்கெனவே ஒதுக்கியவற்றில் பத்து நாள் அசைவில்லை என்றால், 'இன்னும் செய்கிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் மற்றவர்களுக்குத் திறந்துவிடுகிறேன்' என்று எழுதி, சொன்னபடி திறந்துவிடுங்கள். இருபது இஷ்யூ ஒரே நேரத்தில் வேண்டாம். நன்றாக எழுதிய ஐந்து போதும். ஒன்று போனால் ஒன்று சேருங்கள். மூன்று மாதம் யாரும் தொடாத இஷ்யூவின் விளக்கத்தைத் திருத்துங்கள். சில நேரம் அந்தப் பிழையே வேறு மாற்றத்தில் தீர்ந்து போயிருக்கும்.

கேள்வி: வரும் புல் ரிக்வெஸ்ட்டுகள் தரமாக இல்லை. ரிவ்யூ செய்வதற்குள் நானே எழுதிவிடலாம். இதில் என்ன லாபம்?

முதல் புல் ரிக்வெஸ்ட்டில் லாபம் கிடையாது. மூன்றாவதிலிருந்துதான் கிடைக்கும். அதே ஆள் மூன்றாவது முறை வருவாரா என்பது முதல் முறை அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.

வேகம்தான் முதல் காரணி. மொசில்லா நடத்திய ஆய்வு ஒன்றில், 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ கிடைத்தவர்கள் திரும்பி வந்து பங்களிப்பது மற்றவர்களைவிட மிகவும் அதிகம் என்று தெரிந்தது. முழு ரிவ்யூ முடியாவிட்டாலும், 'பார்த்தேன், நன்றி, ஞாயிறன்று விரிவாகப் படிக்கிறேன்' என்ற ஒரு வரி இரண்டு நாளைக்குள் போய்விட வேண்டும். ஒன்று கவனியுங்கள்: கிட்ஹப்பில் முதல்முறை வருகிறவரின் தானியங்கிச் சோதனை, பராமரிப்பாளர் அனுமதி தரும்வரை ஓடாது. நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்த மறந்தால் அவர் மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருப்பார். அதற்காக அனுமதிகளை அள்ளித் திறந்துவிடவும் கூடாது. குறிப்பாக, 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என்ற தூண்டலில் வெளியாரின் நிரலை இறக்கி ஓட்டினால் களஞ்சியத்தின் ரகசியச் சாவிகள் அந்த நிரலின் கைக்குப் போய்விடும்.

அடுத்து, மனிதர் சொல்ல வேண்டாததை இயந்திரம் சொல்லட்டும். இடைவெளி, மேற்கோள்குறி, இறக்குமதி வரிசை பற்றியெல்லாம் நீங்கள் பதினேழு குறிப்பு எழுதினால் அது அவருக்குச் சிவப்பு மையாகத்தான் தெரியும். வடிவமைப்பான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுக் களஞ்சியத்தையும் ஒரே கமிட்டில் ஓட்டி முடித்துவிடுங்கள். அதனால் 'பிளேம்' வரலாறு (எந்த வரியை யார் மாற்றினார் என்ற பதிவு) குழம்பும் என்ற கவலைக்கு 2019இல் வந்த கிட் 2.23இலேயே தீர்வு உண்டு: அந்தக் கமிட்டின் எண்ணைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

மிச்சமிருக்கும் குறிப்புகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இணைப்பதற்குக் கட்டாயம் தேவையானது எது, உங்கள் விருப்பம் மட்டும் எது என்று ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருக்கட்டும். கட்டாயம் மூன்று அல்லது நான்குக்கு மேல் போனால் குறிப்பாக எழுதுவதை நிறுத்திவிட்டு, அணுகுமுறையையே ஒரு பத்தியில் பேசுங்கள். ரிவ்யூவை ஒரே தடவையில் முடியுங்கள். இன்று மூன்று, அவர் திருத்திய பிறகு புதிதாக நான்கு, அடுத்த வாரம் இன்னும் இரண்டு என்று தவணை முறையில் வருவதைப்போல ஒருவரைச் சலிக்கவைப்பது வேறில்லை.

தொண்ணூறு சதவீதம் முடிந்து, மிச்சம் சில்லறைத் திருத்தம் என்றால் நீங்களே முடித்து இணைத்துவிடலாம். புல் ரிக்வெஸ்ட்டில் 'பராமரிப்பாளர் திருத்தலாம்' என்ற தேர்வு இருந்தால் அவர் கிளைக்கே கமிட் அனுப்பலாம். அவர் பெயர் ஆசிரியராக நிற்க வேண்டும். அவர் நிரலை எடுத்துத் தன் பெயரில் புதிதாகக் கமிட் செய்வது சில இடங்களில் அவசரத்தில் நடக்கிறது. அப்படிச் செய்தால் அந்த ஆள் திரும்ப மாட்டார், அவர் நண்பர்களும் வர மாட்டார்கள். வேறு வழியில்லை என்றால் கமிட் செய்தியின் கடைசியில் இணை ஆசிரியர் வரியைச் சேருங்கள்.

ஏற்க முடியாததை அன்றே மறுத்துவிடுங்கள். காரணம் இரண்டு வரியில், நன்றி ஒரு வரியில். மனம் நோகுமே என்று மூன்று மாதம் திறந்தே வைத்திருப்பது மறுப்பைவிடக் கொடுமை.

இணைத்த பிறகு சீக்கிரம் வெளியிடுங்கள். தான் செய்த திருத்தம் எட்டு மாதம் கழித்து வரும் பதிப்பில்தான் கிடைக்கும் என்றால், அதுவரை அவர் தன் ஃபோர்க்கைத்தான் பயன்படுத்துவார். மாற்றக் குறிப்பில் அவர் பெயரைச் சேர்க்க நீங்கள் செலவிடுவது ஐந்து விநாடி.

கேள்வி: பங்களிப்பவர்களிடம் ஒப்பந்தம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் நிறுவனச் சட்டப் பிரிவு சொல்கிறது. ஆட்கள் ஓடிவிடுவார்களா?

சிலர் ஓடுவார்கள். பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம், அதாவது சிஎல்ஏ, தனிநபருக்கு ஒரு படிவம்தான். நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கோ அது அவருடைய சட்டப் பிரிவு வரை போய்வர வேண்டிய காகிதம். மூன்று வரித் திருத்தத்துக்காக யாரும் அந்தப் படியேற மாட்டார்கள். அதோடு, பிற்காலத்தில் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தைப் பல சிஎல்ஏக்கள் நிறுவனத்துக்குத் தந்துவிடுகின்றன. 2023இல் மேகக் கட்டமைப்பைக் கையாளும் கருவியான டெர்ராஃபார்ம் தன் திறமூல உரிமத்தை விட்டு விலகியதும், அதிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்ததும், 2024இல் ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமம் மாறி, அதிலிருந்து வால்கீ பிறந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனவே சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

இதைவிட எளிய வழி டிசிஓ. லினக்ஸ் கருநிரல் திட்டம் 2004இல் கொண்டுவந்தது. 'இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது' என்ற சிறு சான்றுரை அது. கமிட் கட்டளையோடு 'எஸ்' தேர்வைச் சேர்த்தால் 'சைண்டு ஆஃப் பை' என்ற வரி தானாக விழும். காகிதம் இல்லை, கையெழுத்துத் தளம் இல்லை. சிறு திட்டங்களுக்கு அதுவும் கட்டாயமில்லை; கிட்ஹப்பின் விதிகளே, உரிமம் உள்ள களஞ்சியத்துக்கு வரும் பங்களிப்பு அதே உரிமத்தில் வருவதாகக் கொள்கின்றன. சட்டப் பிரிவிடம் டிசிஓ போதுமா என்று கேட்டுப் பாருங்கள். லினக்ஸுக்கே போதும் என்பது நல்ல வாதம்.

கேள்வி: ஹாக்டோபர்ஃபெஸ்ட், கூகுள் சம்மர் ஆஃப் கோட் இவற்றில் சேரலாமா?

இரண்டும் வேறு வேறு. ஹாக்டோபர்ஃபெஸ்ட், திறமூலத்துக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் நிகழ்வு; அக்டோபர் மாதம் மட்டும் நடப்பது. 2020இல் பரிசுக்காகக் குப்பைப் புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிந்து பராமரிப்பாளர்கள் கொதித்ததால், விரும்பிச் சேரும் களஞ்சியங்கள் மட்டும் என்று அந்த மாதமே விதியை மாற்றினார்கள். அந்த மாதம் தினம் ஒரு மணி நேரம் ரிவ்யூவுக்கு ஒதுக்க முடியும் என்றால் மட்டும் சேருங்கள்.

சம்மர் ஆஃப் கோட், புதியவர்களை வழிகாட்டியோடு திறமூலத் திட்டங்களில் வேலை செய்ய வைக்கும் கூகுளின் நிகழ்ச்சி; 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர்கள் மட்டுமல்ல, திறமூலத்துக்குப் புதியவர்கள், பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், யாரும் வரலாம். திட்டம் அமைப்பாக விண்ணப்பிக்க வேண்டும், யோசனைப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் வழிகாட்டி வேண்டும். எங்கள் கணக்கில் வழிகாட்டிக்கு வாரம் ஐந்து மணி நேரமாவது போகும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தொடர இரண்டாவது வழிகாட்டியும் தேவை. தனி ஆளாகப் பராமரிக்கும் திட்டம் இதில் தனியே இறங்க வேண்டாம். உங்கள் துறையில் ஏற்கெனவே சேர்ந்துள்ள பெரிய அமைப்பின் குடையின்கீழ் போகலாம். முடிந்ததும் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு, அவர் எழுதும் பகுதி அவர் இல்லாமலும் பராமரிக்கக் கூடியதா என்று பார்த்து வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாதவர்களையும் சேர்க்க ஆசை. மொழிபெயர்ப்புக்கு எப்படித் தயார்செய்வது?

வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் இணைத்துவிட்டால் அவர்கள் கிட் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் நிரலைச் சுத்தம் செய்யுங்கள். வாக்கியத்தைத் துண்டுதுண்டாக ஒட்டும் நிரல் எந்த மொழிபெயர்ப்பாளரையும் விரட்டிவிடும். 'நீக்கப்பட்டது' ஒரு சரம் (எழுத்துத் தொடர்), கோப்பின் பெயர் ஒரு சரம், 'இலிருந்து' ஒரு சரம் என்றிருந்தால் சொல் வரிசை மாறும் மொழியில் என்ன செய்வார்? முழு வாக்கியமாக, பெயரிட்ட இடம்பிடிப்பான்களோடு எழுதுங்கள். ஒருமை பன்மைக்கு மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட்டின் பன்மை வசதியையே பயன்படுத்துங்கள். சில மொழிகளில் மூன்று நான்கு பன்மை வடிவம் உண்டு. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு சரங்களை மாற்றுவதை நிறுத்துங்கள். மொழிபெயர்த்தவர்களின் பெயரையும் நன்றிப் பட்டியலில் போடுங்கள்.

கேள்வி: ஒருவர் ஆறு மாதமாக நன்றாகப் பங்களிக்கிறார். இணைக்கும் அதிகாரம் தரலாமா? எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்துக்குப் பிறகு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் அதற்காக யாருக்கும் தராமலிருப்பதும் ஆபத்துதான். எக்ஸ்இசட்டில் களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை, 'வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று சில கணக்குகள் நெருக்கின. ஜியா டான் என்ற பெயரில் நல்ல பிள்ளையாகப் பங்களித்த ஒருவர் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருந்தது. தொலைக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே, 2018இல் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் கிடங்கு) பொதியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அதில் பிட்காயின் பணப்பையைத் திருடும் சார்பு நூலகத்தைச் சேர்த்தார்.

எனவே அதிகாரத்தை ஒரே மூட்டையாகத் தராதீர்கள். களஞ்சியத்தைத் தனிக் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்கு மாற்றினால் படிப்படியான பொறுப்புகள் கிடைக்கும். முதலில் 'ட்ரையாஜ்': இஷ்யூக்களுக்கு லேபிள் போடலாம், மூடலாம், நிரலைத் தொட முடியாது. உங்கள் பங்களிப்பாளர் இதற்கு இன்றே தகுதியானவர். அடுத்து 'ரைட்', ஆனால் முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு விதி போட்டு, இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் இணையாது என்று வையுங்கள். அந்த விதி உங்களுக்கும் பொருந்தட்டும். வெளியிடும் அதிகாரம் கடைசி. அதையும் மனிதர் கையில் தராமல், குறிச்சொல் இட்டதும் தானியங்கி கிட்டிலிருந்து கட்டி வெளியிடும்படி செய்யலாம். பைத்தான் நூலகக் கிடங்கான பைப்பை 2023இலிருந்து நீண்டகாலச் சாவி இல்லாமலே இப்படி வெளியிட வழி தருகிறது. எக்ஸ்இசட்டில் பின்கதவைத் தூண்டும் துண்டு கிட்டில் இல்லை, கையால் தயாரித்த வெளியீட்டுக் கோப்பில்தான் இருந்தது. மிச்சம் டெஸ்ட்டுக்கான பைனரிக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. படிக்க முடியாத டெஸ்ட் கோப்பு வந்தால் அதை உருவாக்கும் நிரலைக் கேளுங்கள்.

எல்லோருக்கும் இரு படி அடையாளச் சோதனை கட்டாயம். ஒரு வருடம் அசைவில்லாதவரின் அதிகாரத்தை, பெயரை முன்னாள் பராமரிப்பாளர் பட்டியலுக்கு மாற்றி, மரியாதையோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிகின்றன. தடை செய்யலாமா?

தடை எழுதலாம், கண்டுபிடிப்பது கடினம். கருவியைப் பற்றி விதி எழுதுவதைவிடப் பொறுப்பைப் பற்றி எழுதுவது எடுபடும்: அனுப்புகிறவர் ஒவ்வொரு வரியையும் தானே விளக்க வேண்டும், ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், கருவி பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தப் பிழை உங்களுக்கு எந்தச் சூழலில் வந்தது?' உண்மையில் பிழையைச் சந்தித்தவர் பதிப்பு எண்ணோடு சொல்வார். மற்றவரிடமிருந்து மூன்று பத்தி மெழுகிய உரை வரும், மூடிவிடலாம். இல்லாத பாதுகாப்புப் பிழைகளைப் பற்றி இப்படி வரும் அறிக்கைகள், இணையத்தில் தரவு பரிமாறும் கருவியான கர்ல் திட்டத்தையே அலைக்கழித்ததை அதன் தலைவர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 முதல் பொதுவில் எழுதி வருகிறார்.

கேள்வி: உண்மையில் எனக்குப் பங்களிப்பாளர்கள் வேண்டாம். நிரலைத் திறந்து மட்டும் வைக்கலாமா?

தாராளமாக. எஸ்கியூலைட் தரவுத்தளம் பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்தாகவே (பப்ளிக் டொமைன்) இருக்கிறது, ஆனால் வெளியார் நிரலை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ரீட்மீயில் மேலேயே எழுதிவிடுங்கள்: பிழை அறிக்கை வரலாம், நிரல் வேண்டாம், பதிலுக்கு உத்தரவாதம் இல்லை. பராமரிப்பையே நிறுத்துவதென்றால் களஞ்சியத்தை 'ஆர்க்கைவ்' செய்யுங்கள். படிக்க மட்டுமே முடியும் என்ற நிலைக்குப் போகும், ஃபோர்க் செய்வதற்குத் தடையில்லை. ஆர்க்கைவ் செய்த பிறகு ரீட்மீயைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்ற வரியை முன்பே சேர்த்துவிடுங்கள்.